கௌபாய் பாட்டுக்காரங்கள்ல நிஜமா குதிரை ஏறினவன் எவன்?

கேள்வி: 2023 மார்ச் 9

அமெரிக்க கன்ட்ரி பாட்டு கேக்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. எல்லாவனும் தொப்பி போடுறான், பூட்ஸ் போடுறான், இடுப்புல தட்டு சைஸுக்குப் பக்கிள் மாட்டுறான். ஒருத்தன் மூஞ்சியப் பாத்தாலும் சாணியை மிதிச்சவன் மாதிரி தெரியல. நம்ம ஹீரோ அறிமுகப் பாட்டுல அஞ்சு செகண்ட் ஏர் புடிப்பாரே, அந்த மாதிரி தான் இதுவும்னு தோணுது. கிறிஸ் லெடாக்ஸ்னு ஒரு பாட்டுக்காரர் ரோடியோ (குதிரை, மாடு வெச்சு நடக்குற கௌபாய் போட்டி) சாம்பியன்னு எங்கயோ படிச்சேன். அதுவும் பில்டப் தானா?

மார்ச் 9, ராத்திரி

லெடாக்ஸ் இல்ல, லெடூ. நானும் மொத ஆறு மாசம் லெடாக்ஸ்னு தான் சொல்லிட்டு இருந்தேன், கேட்ட வயோமிங் மாநிலத்துக்காரன் ஒருத்தன் கூட திருத்தல, சிரிச்சுட்டு விட்டுட்டானுங்க.

பில்டப் இல்ல. 1976 உலக சாம்பியன், பேர்பேக் ரைடிங்ல. ஓக்லஹோமா சிட்டியில நடந்த நேஷனல் ஃபைனல்ஸ்ல ஜெயிச்சது. அதுக்கு முன்னாடி 1969ல காலேஜ் அளவுல தேசிய சாம்பியன். வயோமிங்ல இருக்குற காஸ்பர் காலேஜ்ல சேந்ததே ரோடியோ ஸ்காலர்ஷிப்ல தான், நம்ம ஊர்ல கபடி கோட்டால சீட் வாங்குற மாதிரி வெச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு, அவரு பரம்பரை கௌபாய் இல்ல. 1948ல மிசிசிப்பில பிலாக்ஸினு கடலோர ஊர்ல பொறந்தவரு. அப்பா ஏர்ஃபோர்ஸ், அதனால ஊர் ஊரா மாத்தல். மிச்சிகன்ல தாத்தா பண்ணையில தான் குதிரை ஏறப் பழகுனாரு. 13 வயசுல மொத ரோடியோ. குடும்பம் வயோமிங்ல ஷையனுக்கு வந்தப்புறம் ஹைஸ்கூல்லயே மாநில சாம்பியன். அதாவது இவரும் வெளிய இருந்து வந்தவரு தான், ஆனா தொப்பிய வாங்கி மாட்டிக்கல, விழுந்து விழுந்து சம்பாதிச்சாரு.

நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னா, எண்ணெய்க் கிணறு சர்வீஸ் வேலையா காஸ்பர்ல ஆறு வருஷம் இருந்தேன். அது பெரிய கதை, அப்புறம்.

மார்ச் 10

பேர்பேக்னா என்னனு கேட்டிருக்காங்க. சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது. குதிரையோட தோள்பட்டைக்குப் பின்னாடி ஒரு தோல் பட்டை, அதுல சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒரு புடி. அவ்ளோ தான். அதை ரிக்கிங்னு சொல்வாங்க. ஒரே கை. இன்னொரு கை குதிரை மேலயோ தன் மேலயோ பட்டா அவுட். எட்டு செகண்ட் நிக்கணும். கேட் தொறந்து குதிரையோட முன்னங்கால் மொத தடவ தரையைத் தொடும்போது ரைடரோட ரெண்டு குதிகாலும் குதிரை தோள் மேட்டுக்கு மேல இருக்கணும், இல்லன்னா எட்டு செகண்ட் உக்காந்தாலும் முட்டை மார்க் தான். மொத்தம் நூறு மார்க், அதுல பாதி குதிரைக்கு! சாதுவான குதிரை கிடைச்சா நீங்க நல்லா ஓட்டினாலும் பிரயோஜனம் இல்ல. எவன் நல்லா துள்ளுற குதிரையை சீட்டுல இழுக்குறானோ அவன் குஷியாயிடுவான், வேற எந்த வேலையிலயும் மோசமான மேனேஜர் கிடைச்சா சந்தோஷப்படுறவன நான் பாத்ததில்ல.

மார்ச் 12

எட்டு செகண்ட் ஒரு மேட்டரானு ஒருத்தர் போட்டிருக்காரு.

அண்ணே, எங்க கம்பெனில ஒரு பம்ப் ஆபரேட்டர் இருந்தாரு, அம்பத்தஞ்சு வயசு இருக்கும், இளவயசுல பேர்பேக் ஓட்டினவர். வலது கை முழங்கை முழுசா நீட்ட வராது. தண்ணி பாட்டில் மூடியை எப்பவும் இடது கையால தான் தொறப்பாரு, நான் ரொம்ப நாள் அவரை இடக்கைக்காரர்னே நெனச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டாரு. கொட்டகையில ஒரு எண்ணெய் டிரம்மை படுக்க வெச்சு நாலு மூலையிலயும் கயிறு கட்டித் தொங்க விட்டிருந்தாரு, அதுல பழைய ரிக்கிங். எனக்கு ஒரு தோல் கிளவுஸ் குடுத்தாரு, வலது கைக்கு மட்டும். அதுல ரோசின் தடவணும், மரப்பிசின் பொடி, வயலின் வில்லுல தேய்ப்பாங்களே அதே சாமான் தான். கைப்பிடியோட சேத்து தேய் தேய்னு தேய்ச்சதுல சூடாகி கிரீச் கிரீச்னு சத்தம் வந்துச்சு, சாம்பிராணிக்கும் தாருக்கும் நடுவுல ஒரு வாசனை. மணிக்கட்டுல டேப் சுத்தி தோல் வார் வெச்சு இறுக்கினாரு. அப்புறம் கைய உள்ள விடுன்னாரு. உள்ள போகல. இடிச்சு இடிச்சு நுழைச்சாரு. நுழைஞ்சப்புறம் வெளிய வரல! அப்ப தான் புரிஞ்சுது, அவங்க புடிச்சுக்கிறது இல்ல, கைய அதுல பூட்டிக்கிறாங்க. கீழ விழுந்தும் கை வெளிய வராம போனா குதிரை பக்கத்துலயே தொங்கிக்கிட்டு இழுபடணும். அதுக்குத் தான் ரெண்டு பேர் பக்கத்துலயே குதிரையில வந்து தூக்கி விடுறாங்க.

அவரு ரெண்டு கயித்த ஆட்டினாரு. லேசா தான். மூணு எண்ணுறதுக்குள்ள என் தலை பின்னாடி போய் டிரம்முல இடிச்சுது. திங்கக்கிழமை லீவு போட்டேன், காரணம் காய்ச்சல்னு எழுதினேன்.

அந்தக் கொட்டகையில ஓடிட்டு இருந்த கேசட் தான் லெடூ.

மார்ச் 12, மறுபடி

சாம்பிராணி வாசனைனு சொன்னது கொஞ்சம் ஓவர். பைன் மரம் வாசனை தான். ஊர் ஞாபகம்.

மார்ச் 15

இப்ப பாட்டு எங்க வந்துச்சுன்னு பாப்போம், எனக்கு இது தான் புடிச்ச பகுதி.

ரோடியோல சம்பளம் கிடையாது. நீங்க தான் நுழைவுக் கட்டணம் கட்டணும். பெட்ரோல் உங்க காசு, சாப்பாடு உங்க காசு, எலும்பு ஒடஞ்சா அதுவும் உங்க காசு. மேல வந்த நாலஞ்சு பேருக்குத் தான் பணம், மத்தவன் எல்லாம் காசு குடுத்து அடி வாங்கிட்டு அடுத்த ஊருக்கு ராத்திரியோட ராத்திரியா ஓட்டிட்டுப் போவான். ஜூலை 4ஐ ஒட்டின வாரத்தை கௌபாய் கிறிஸ்மஸ்னு சொல்வாங்க, அந்த ஒரு வாரத்துல ஏகப்பட்ட ரோடியோ, முடிஞ்சவரைக்கும் எல்லாத்துலயும் ஏறிட்டு வண்டியிலயே தூங்கிட்டு மூணு நாலு பேர் பெட்ரோலைப் பங்கு போட்டுக்கிட்டு போவாங்க.

லெடூ 1970ல ப்ரொஃபஷனல் ஆகுறாரு. இந்தச் செலவைச் சமாளிக்கத் தான் பாட்டு. அந்த வாழ்க்கையையே பாட்டா எழுதி, பேஸ்மென்ட்ல ரெக்கார்ட் பண்ணி, டேப் போட்டு, ரோடியோ நடக்குற எடத்துல பிக்கப் டிரக் பின்னாடி வெச்சு வித்தாரு. மத்தியானம் குதிரை, சாயங்காலம் டேப் வியாபாரம். வாங்குறவன் யாரு? அதே ரோடியோவுக்கு வந்தவன், அதே ரோட்டுல ராத்திரி ஓட்டப் போறவன். அதனால தான் அந்தப் பாட்டுல பொய் சொல்ல முடியாது, கேக்குறவனுக்கு எல்லாம் தெரியும். தப்பா ஒரு வரி எழுதினா மறுநாள் சூட் பக்கத்துல நின்னு கிண்டல் பண்ணுவான்.

(சூட்னா குதிரையை அடைச்சு வெச்சு ரைடர் மேல எறங்குற அந்த ஒடுக்கமான கூண்டு. கோட்டு சூட்டு இல்ல. ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டுக் கேட்டாரு.)

மார்ச் 16

திருத்தம். பேஸ்மென்ட் அவரோடது இல்ல, ஒரு நண்பரோட வீட்டு பேஸ்மென்ட். சொந்த வீடே இல்லாதவருக்கு பேஸ்மென்ட் குடுத்துட்டேன்.

மார்ச் 19

ஒருத்தர் வந்து, 1976 சாம்பியன்னு சொல்றதே ஏமாத்து, அந்த வருஷம் நெறைய சம்பாதிச்சவர் ஜோ அலெக்சாண்டர், லெடூ கெடயாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஆள் விஷயம் தெரிஞ்சவரு போல.

பாதி சரி. ரோடியோல சாம்பியன்னா வழக்கமா வருஷம் பூரா யார் அதிகம் பணம் ஜெயிச்சாங்களோ அவங்க. 1976ல இருந்து 78 வரைக்கும் மூணு வருஷம் மட்டும் ரூலை மாத்தினாங்க. டிசம்பர் ஃபைனல்ஸ்ல மட்டும் ஜெயிக்கிற பணத்த வெச்சு உலக சாம்பியன், வருஷம் பூரா கணக்குக்கு வேற ஒரு பட்டம். அந்த 76ல வருஷக் கணக்கு பட்டம் அலெக்சாண்டருக்கு. அவரும் வயோமிங்காரர் தான், 1971ல இருந்து 75 வரைக்கும் தொடர்ந்து அஞ்சு தடவ உலக சாம்பியன், பேர்பேக்ல அவரு ஒரு மலை. அந்த மலை நிக்கிற காலத்துல தான் லெடூ ஜெயிச்சது.

பழைய ரூலா இருந்தா கிடைச்சிருக்காது. சரி. ஆனா ரூலை லெடூ போடல. லீக்ல மொத எடம் வந்தவன் செமில தோத்தா கப்பை யாருக்குக் குடுக்குறோம்? நான் மொதல்ல கோவமா தான் டைப் பண்ணேன், அழிச்சுட்டு இப்ப எழுதுறேன்: அவரு பட்டத்துக்குப் பக்கத்துல அந்த நட்சத்திரக் குறி (கீழ விளக்கம் இருக்குன்னு போடுற *) இருக்குறது எனக்குப் புடிச்சிருக்கு. ஃபைனல்ஸ் நாள்ல எழுந்து நின்னவன்னு அர்த்தம்.

மார்ச் 19

பாடகி ரீபா மெக்கன்டயரை விட்டுட்டீங்களேன்னு கேட்டவங்களுக்கு: ஆமா, விட்டுட்டேன், தப்பு என்னோடது. அவங்க குடும்பமே ரோடியோ. அப்பா கிளார்க் மெக்கன்டயர் மூணு தடவ ஸ்டியர் ரோப்பிங் (ஓடுற மாட்டைக் கயிறு வீசிப் புடிக்கிறது) உலக சாம்பியன், தாத்தாவும் சாம்பியன். ரீபாவும் பேரல் ரேஸ் (டிரம்மைச் சுத்திக் குதிரை ஓட்டுற பந்தயம்) ஓட்டினவங்க. 1974ல அதே ஓக்லஹோமா சிட்டி ஃபைனல்ஸ்ல தேசிய கீதம் பாடப்போய் அங்க கேட்ட ஒருத்தர் மூலமாத் தான் கன்ட்ரி பாட்டோட தலைநகரமான நாஷ்வில்லுக்குப் போனாங்க. பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் நெஜமா கயிறு வீசுறவர் தான். ஆக மொதல்ல கேட்டவரோட சந்தேகம் ரொம்ப பேருக்குப் பொருந்தும், எல்லாருக்கும் பொருந்தாது.

கன்ட்ரி பாட்டுல பெரிய ஸ்டார் கார்த் புரூக்ஸ்? அவரு காலேஜ்ல ஈட்டி எறிஞ்சவரு. நெஜமா தான். தொப்பி மட்டும் கரெக்டா இருக்கும்.

மார்ச் 23

கார்த்தைக் கிண்டல் பண்ணதுக்கு ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க. நியாயம் தான், ஏன்னா கார்த் இல்லன்னா நாம இன்னைக்கு லெடூ பத்தி பேசிட்டு இருக்க மாட்டோம்.

1989ல கார்த்தோட மொத சிங்கிள், ஊர் சுத்தி அலுத்துப்போன ஒரு ரோடியோக்காரன் பாட்டு. அதுல தேய்ஞ்சுபோன கிறிஸ் லெடூ டேப் ஒண்ணு வருது. ஒரே ஒரு வரி. பாட்டு டாப் டென்ல ஏறிடுச்சு. யாருய்யா இந்த லெடூன்னு நாடே கேட்டுச்சு. அதுக்குள்ள அவரு சொந்தமா 22 ஆல்பம் போட்டாச்சு! கடையில கிடைக்காத ஆளு, ஆனா 22 ஆல்பம். 1991ல கார்த்தோட அதே கம்பெனி லிபர்ட்டி இவரை எடுத்துக்கிச்சு. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேந்து பாடுன பாட்டு டாப் டென்.

நான் இதை ரொம்ப நாளா ஒரு மாதிரி சொல்லிட்டுத் திரிஞ்சேன்: லெடூ புகழைப் பத்தி கவலையே படாத சாமியார் மாதிரி மனுஷன், கம்பெனிக்காரன் கூப்பிட்டும் போகல, அவரா வந்த அதிர்ஷ்டம்னு. இப்ப அப்படி நெனைக்கல. அப்பா அம்மாவையே கூட்டு சேத்துக்கிட்டு டென்னசில குடும்பக் கம்பெனி நடத்தினாங்க, அவங்க டேப் தயார் பண்ணி அனுப்ப இவரு விப்பாரு. 1982க்குள்ள 2,50,000க்கு மேல வித்தாச்சு, விளம்பரம் ஒண்ணும் பெருசா கிடையாது. இது சாமியார் வேலை இல்ல, இது மளிகைக் கடை வேலை. கல்லாவுல தானே உக்காரணும்னு நெனைக்கிற ஆளு. ரெக்கார்ட் கம்பெனி கேட்டப்ப மாட்டேன்னது பற்றற்ற நிலையால இல்ல, என்ன பாடணும்னு இன்னொருத்தன் சொல்றதைத் தாங்க மாட்டாதவரு, அதனால. நுழைவுக் கட்டணத்தைச் சொந்தமா கட்டிப் பழகினவனுக்கு ஸ்பான்சர் வந்தா கூச்சமா இருக்கும்ல.

மார்ச் 24

மளிகைக் கடைனு சொன்னது அவமரியாதை இல்ல. எங்க அப்பா மளிகைக் கடை தான் வெச்சிருந்தாரு.

ஏப்ரல் 2

மிருகவதை கேள்வி வந்துடுச்சு, வராம இருக்குமா. ஜல்லிக்கட்டை இதுக்குள்ள இழுக்காதீங்க, அது வேற மாடு வேற ஊர் வேற நியாயம்.

குதிரையோட வயித்துக்குப் பின்னாடி ஒரு பட்டை கட்டுவாங்க, ஃப்ளாங்க் ஸ்ட்ராப். அதை எங்கயோ கட்டக்கூடாத எடத்துல கட்டி வலியில துள்ள வெக்கிறாங்கன்னு ஒரு வதந்தி ரொம்ப காலமா இருக்கு. துள்ளுற குதிரையில நெறைய பெட்டைக் குதிரைங்க, அதுக்கு மேல என்ன விளக்கம் சொல்ல. துள்ளுற வம்சத்துல இருந்தே வளக்குறாங்க. ரைடர் பூட்ஸ்ல மாட்டுற குதிமுள் மொழுக்கையா இருக்கணும், சுத்தணும், அதெல்லாம் ரூல். ஆனா அடிபடுறதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், குதிரைக்கும் படுது மனுஷனுக்கும் படுது. நான் பாத்த ஒரு சின்ன ஊர் ரோடியோல ஒரு குதிரை கால் மடங்கி விழுந்தப்ப கூட்டமே அமைதியாச்சு. எந்திரிச்சு நொண்டிக்கிட்டு தானா வெளிய போச்சு. அன்னைக்கு மீதி ஷோ பாக்காம வந்துட்டேன். மறு வாரம் மறுபடி போனேன். ரெண்டும் நான் தான்.

ஏப்ரல் 9

அவரோட பார்வை என்ன, சும்மா ஆம்பள வீரம் தானேன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல நானும் அப்படித் தான் கேட்டேன். ஒடஞ்ச எலும்பு, தூசி, நான் விழுந்தாலும் எந்திரிப்பேன் வகையறா. எரிச்சலா கூட இருந்துச்சு.

மூணாவது குளிர்காலத்துல காஸ்பர்ல இருந்து பஃபலோ பக்கம் ராத்திரி ஷிப்டுக்கு ஓட்டுவேன், ரெண்டு பக்கமும் ஒண்ணும் இருக்காது, காத்து வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும், பனி ரோட்டு மேல பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும். அப்ப அந்த டேப்பை திரும்பத் திரும்ப கேட்டதுல வேற ஒண்ணு காதுல விழுந்துச்சு. பாட்டுல குதிரை மேல இருக்குற நேரம் ரொம்ப கம்மி! முக்காவாசி ரோடு. தூங்காம ஓட்டுறது, வீட்டுக்கு போன் பண்ணக் காசு தேடுறது, வீட்டுல காத்துட்டு இருக்குறவ, பர்ஸுல மிச்சம் எவ்ளோன்னு கணக்கு. எட்டு செகண்டுக்காக எட்டு மணி நேரம் ஓட்டுறவனோட பாட்டு. வீரம் இருக்கு, ஆனா வீரத்துக்கு பில் யார் கட்டுறாங்கன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் அப்ப கல்யாணமாகி ஒண்ணரை வருஷம், அவ ஈரோட்டுல, விசா வரல. சரி விடுங்க.

அவரு 1972ல கல்யாணம் பண்ணாரு, அஞ்சு பிள்ளைங்க, வயோமிங்ல கேசினு குட்டி ஊர்கிட்ட ராஞ்ச் (பண்ணை). பாட்டு ஹிட் ஆன அப்புறமும் அங்கேயே தான் இருந்தாரு, நாஷ்வில்லுக்கு வீடு மாத்தல. இது பேட்டியில சொல்ற வசனம் இல்ல, விலாசம். எனக்கு விலாசம் மேல தான் நம்பிக்கை ஜாஸ்தி.

ஏப்ரல் 9

அதே சமயம் மேடையில மனுஷன் அடக்க ஒடுக்கமெல்லாம் இல்லீங்க. வாணவேடிக்கை, நடுவுல ஒரு மெக்கானிக்கல் புல் (எந்திரக் காளை), பாட்டுக்கு நடுவுல அதுல ஏறி ஆடுவாரு. நாப்பது வயசு தாண்டி! நிஜ குதிரையை விட்டவருக்கு எந்திர மாடு எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல. கை சும்மா இருக்காது போல. வெண்கலச் சிலை வேற செய்வாரு.

ஏப்ரல் 17

எப்படி செத்தாருன்னு கேட்டவருக்கு. குதிரையால இல்ல.

2000ல ஈரல்ல நோய், பித்தக் குழாய் சுருங்கிப் போற வகை. மாத்து ஈரல் வேணும்னாங்க. கார்த் புரூக்ஸ் என் ஈரல்ல பாதிய எடுத்துக்கோங்கன்னு போய் நின்னாரு, பொருந்தல. (ஈட்டி ஜோக்கை இதோ வாபஸ் வாங்கிட்டேன்.) அக்டோபர்ல யாரோ ஒருத்தரோட ஈரல் கிடைச்சு ஆபரேஷன் ஆச்சு. திரும்ப எந்திரிச்சு பாடினாரு, 2003ல ஆல்பம் கூட வந்துச்சு. 2004 கடைசியில பித்தக் குழாயில புத்துநோய். 2005 மார்ச் 9, காஸ்பர்ல. 56 வயசு. அதே வருஷம் ப்ரோரோடியோ ஹால் ஆஃப் ஃபேம்ல ரெண்டு பிரிவுல சேத்தாங்க, பேர்பேக் ரைடரா ஒண்ணு, விளையாட்டுக்குப் பேர் வாங்கித் தந்தவரா ஒண்ணு. ரெண்டு பிரிவுல சேந்தது அவரு தான் மொத ஆள்.

மொதல்ல கேட்டவர் இந்தக் கேள்விய மார்ச் 9 அன்னைக்குத் தான் போட்டிருக்காரு. இப்ப தான் கவனிச்சேன். தெரிஞ்சு போட்டீங்களா?

ஏப்ரல் 18

தெரியாமத் தான் போட்டாராம்.

மே 6

பழைய வேலை விஷயமா காஸ்பர் போனேன், ஒரு மத்தியானம் கேசி வரைக்கும் ஓட்டினேன். ஊரு ஒரு வளைவுல முடிஞ்சுடும், சில நூறு பேர் தான். நடுவுல அவருக்கு ஒரு பார்க், 2010ல வெச்ச பெரிய வெண்கலச் சிலை, துள்ளுற குதிரை மேல கால் ரெண்டும் முன்னாடி, ஒரு கை ஆகாசத்துல. நான் இன்னொரு கையத் தான் பாத்தேன், கைப்பிடிக்குள்ள மணிக்கட்டு மடங்கி நிக்கிற விதம். டிரம்முல மாட்டின என் கை ஞாபகம் வந்து வலிச்சுது, நெஜமா.

அவரு பையன் நெட் பல வருஷம் அப்பாவோட பேண்டுல டிரம்ஸ் வாசிச்சவரு, பின்னாடி உக்காந்து அப்பாவோட முதுகைப் பாத்துட்டே. இப்ப அவரே முன்னாடி வந்து பாடுறாரு. குரல் கேட்டா தூக்கிப் போடும்.

பம்ப் ஆபரேட்டரையும் பாத்தேன். ரிட்டயர் ஆயிட்டாரு. முழங்கை ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாங்களாம், மாட்டேன்னுட்டாரு. அந்த கேசட் இன்னும் வண்டி டாஷ்போர்டுல கெடக்கு, இப்ப இருக்குற வண்டியில கேசட் போட வழியே இல்ல. அப்புறம் எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். வெச்சா என்ன, எடமா அடைக்குதுன்னாரு.

ஜூலை 3

மொதல்ல கேள்வி கேட்டவர் டென்வருக்கு ஆபீஸ் வேலையா வர்றாராம், கடைசி வாரம். அப்ப ஷையன் ஃப்ரான்டியர் டேஸ் நடக்கும், 1897ல இருந்து நடக்குற ரோடியோ, லெடூ பள்ளிக்கூடம் படிச்ச அதே ஊரு, டென்வர்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. டிக்கெட் ரெண்டு எடுத்துட்டேன். சூட் பக்கத்து வரிசை. மண்ணு வாயில விழும், வெள்ளைச் சட்டை போட்டுட்டு வராதீங்க. தொப்பி வேணாம், ப்ளீஸ்.

ஜூலை 4

தொப்பி ஏற்கெனவே ஆர்டர் பண்ணிட்டாராம்.